குல்லா போட்ட இஞ்சின்

இன்றைக்குக் காலையில் நம் பட்டறை ஷெட்டு வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. கலவை ஊர்ப் பக்கத்து பஸ். நிற்பதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிட்டது. பின்னாலேயே புகை, நீல நிறத்தில், கனமாக, தரையோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கருகின இஞ்சின் எண்ணெய். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆம்பூரில் அந்த வாசனைக்கு என் மூக்குதான் தாசில்தார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களே, தாசில்தார் இன்னும் வேலையில்தான் இருக்கிறார்.

டிரைவர் இறங்கி வந்தான். சின்ன வயசு. முகமெல்லாம் புழுதி.

"யக்கா, எண்ணெய் ஜாஸ்தியா குடிக்குதுக்கா. குடிச்சாக்கூடப் போவட்டும், வழியெல்லாம் சிந்திக்கினே வருது. எங்க மொதலாளி உசுர எடுக்கறாரு."

நம் கோவிந்தன் அதற்குள் பஸ்ஸுக்கு அடியில் போய்விட்டான். அங்கிருந்தே குரல் கொடுத்தான். "சிந்தறது வேற, குடிக்கறது வேற தம்பி. ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் கொழப்பிக்காத. இரு, மொதல்ல மூக்கப் பாப்போம்."

அந்தப் பையன் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோவிந்தன் பேசினது அத்தனையும் உங்கள் பேச்சு. ஒரு சொல் கூட மாறவில்லை. சிரித்தபடியே மேலே பார்த்தேன். பட்டறைப் பலகைக்கு மேலே, நீங்கள் அடித்த ஆணியில், நீங்கள் மாட்டிய அந்தத் தோல் குல்லா தொங்குகிறது. அதைப் பார்த்த பிறகு எனக்கு உங்களோடு பேச வேண்டும் போல இருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களுக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. கூடவே இருந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம்? இன்னொரு காரணமும் உண்டு. எழுதினால் மேலே பெயர் போட வேண்டுமே. கட்டியவர் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று கணியம்பாடியில் என் அம்மா வளர்த்த வளர்ப்பு, மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக் கற்ற பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. கோயிலில் உங்களுக்காக ஜெபிக்கும்போது கூட, ஆண்டவருக்குத்தான் தெரியுமே என்று பெயரை விழுங்கிவிடுவேன்.

உங்களுக்கோ உங்கள் பெயர் என்றால் உயிர். நீங்கள் "நான்" என்று சொல்லிக் கேட்டவர்கள் குறைவு. பெயரைச் சொல்லி, வேறு யாரோ ஒரு பெரிய மனுஷனைப் புகழ்வது போலப் பேசுவீர்கள். அந்தப் பெயர் வரும் இடத்தில் எல்லாம் இங்கே "இன்னார்" என்று எழுதிக்கொள்கிறேன். "இன்னார் கை வெச்சா இஞ்சின் பேசும்." "இன்னாரைக் கேக்காம இந்த ஷாப்புல ஒரு சக்கரம் சுத்தாது." பெண் பார்க்க வந்த அன்றைக்கு நீங்கள் இப்படியே பேசிக்கொண்டு போக, என் அப்பா கடைசியில் கேட்டாரே, "அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சாப்பா?" என்று. அடுப்பங்கரையில் நான் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தேன். சம்மதம் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அவ்வளவு பேசிய மனுஷன் அப்போது நின்றுகொண்டிருந்த இடம் தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புக் குழி. கல்யாணமாகி ஆம்பூர் வந்த பிறகுதான் அதை என் கண்ணால் பார்த்தேன். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டு, மயிர் கழலும்வரை புரட்டிப் புரட்டி எடுக்கிற வேலை. முழங்காலுக்குக் கீழே தோல் வெளுத்து உரிந்திருக்கும். விரல் இடுக்கெல்லாம் புண். குழம்பு பட்டால் எரியும் என்று சோற்றை நான் பிசைந்து உருட்டித் தருவேன். வாங்கித் தின்றுகொண்டே, "இன்னார் எத்தினி நாளைக்கு இந்தக் குழியில நிப்பான்னு நெனைக்கிற?" என்பீர்கள். அந்த வீம்பு எனக்குப் பிடித்திருந்தது. பயமாகவும் இருந்தது.

குழிக்குப் பக்கத்தில்தான் தோல் ஷாப்புக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பு இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்களுக்கு அது இரைச்சல். நீங்கள் தோலைப் புரட்டிக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாள் அது நின்றுபோய், பார்க்கிற ஆள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, நீங்கள் கால் கழுவாமல் மேலே ஏறி வந்து, அது நேற்றே இருமியது என்று சொல்லி ஓட விட்டீர்களாம். முதலாளி சாயபு அங்கேயே உங்களை இஞ்சினுக்கு மாற்றினார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கையை நீட்டி, "பாத்துக்க, இனிமே இதுல எண்ணெதான், சுண்ணாம்பு கெடயாது" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்களே பிசைந்து சாப்பிட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், சொல்லவில்லை.

பிறகு அந்தக் கார் வந்தது. ஊருக்குக் கப்பலேறின ஒரு துரையிடமிருந்து சாயபு வாங்கியது. பார்க்க ராஜா மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் இல்லை. மாதனூர் தாண்டவில்லை, படபடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. கோவிந்தன்தான் அப்போது சாயபுவுக்கு டிரைவர். மாட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு வந்தான். எதிரே வந்தவர்கள் எல்லாம் மாடு என்ன மைலேஜ் கொடுக்குது என்று கேட்டார்களாம். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

இஞ்சினைக் கழற்றி மதராஸுக்கு அனுப்புவது என்று சாயபு முடிவு செய்திருந்தார். நீங்கள் போய் நின்றீர்கள். "இன்னார் இருக்கும்போது மதராஸ் எதுக்கு பாய்?" என்று கேட்டீர்கள். அவருக்கும் உங்கள் வாய் பிடிக்கும். ஆனாலும் வியாபாரி அல்லவா.

"அரே, பேச்சு போதும்பா," என்றார். "எம் பொண்ணுக்கு நிக்கா வருது. மாப்பிள்ளைய வேலூர்லேர்ந்து இந்தக் கார்லதான் கூட்டிட்டு வரணும். பொகை வரக்கூடாது. எங்க வூட்டு வாசல்ல ஒரு சொட்டு எண்ணெ விழக்கூடாது. அப்படி வந்துட்டா, ரோட்டோரத்துல காலியா கெடக்கற ஷெட்டு உனுக்கு. நீயே பட்டறை வெச்சுக்க. இல்லாங்காட்டி பழைய எடத்துக்கே போயிடு. பம்பு இஞ்சினுக்கு வேற ஆளு போட்டுடுவேன், ரெண்டு வேலை ஒருத்தன் பாக்க முடியாது."

பழைய இடம் என்றால் குழி. நீங்கள் வீட்டுக்கு வந்து ஷெட்டைப் பற்றித்தான் சொன்னீர்கள். குழியைப் பற்றிக் கோவிந்தன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்றைக்கு உங்களோடு நான் பேசவில்லை. கோபத்தில் சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டேன். அதையும் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட்டீர்கள்.

ஷாப்புக்குள் தோல் உலர்த்துகிற தளத்தில் ஒரு மூலையில் இஞ்சினைப் பிரித்து வைத்தீர்கள். ஒவ்வொரு துண்டையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணி விரித்து அடுக்கினீர்கள். பிஸ்டனுக்கு ரிங்கு மதராஸிலிருந்து ரயிலில் வந்தது. தேய்ந்துபோன பேரிங்குக்கு ஈயம் உருக்கி ஊற்றிச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தீர்கள். இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் எண்ணெய் கசியாமல் நடுவில் ஒரு பேக்கிங் வைக்க வேண்டும். அதற்கு ஏற்ற காகிதம் இங்கே கிடைக்கவில்லை. தோலுக்கு என்ன பஞ்சம்? சூடு கம்மியான இடத்துக்குத் தோலே போதும் என்று மெல்லிய ஆட்டுத் தோலைக் கொண்டுவந்து போட்டீர்கள். வெட்டியது நான். இரும்பின் மேல் தோலை விரித்து விளிம்பில் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் அச்சு விழும், அந்த அச்சில் கத்தியை ஓட்ட வேண்டும். என் கை நடுங்காது என்று உங்களுக்குத் தெரியும். "இன்னார் பொண்டாட்டி வெட்டுனா வெட்டுனதுதான்" என்று சாயபுவிடமே சொன்னீர்கள். உங்களைப் புகழும் சாக்கில் என்னையும் ஒரு வார்த்தை.

குல்லா பிறந்தது அப்போதுதான். இஞ்சினுக்குப் பக்கவாட்டில் ஒரு குழாய் மேலே பார்த்து நிற்கும். எண்ணெய் ஊற்றுவது அதன் வழியாக. அதற்கு ஒரு மூடி இருந்திருக்க வேண்டும், துரை காலத்திலேயே தொலைந்துவிட்டது. நம் ஷாப்பிலோ தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற தூள் நாள் முழுக்கப் பறந்துகொண்டிருக்கும். சோற்றில் விழும், தலையில் விழும், குடிக்கிற தண்ணீரில் மிதக்கும். அது எண்ணெயில் கலந்தால் புது பேரிங்கு என்ன ஆகும்? நல்ல ஆட்டுக்குட்டித் தோலாகப் பார்த்து எடுத்து, புங்க எண்ணெயில் ஊறப்போட்டுப் பிசைந்து, இரட்டைத் தையல் போட்டு ஒரு குல்லா தைத்தீர்கள். கழுத்தில் நாடா. குழாயின் தலையில் மாட்டி இறுக்கிக் கட்டினால் காற்று கூட நுழையாது. மற்ற ஊர் ஆளாக இருந்தால் ஒரு தகரத்தைத் தட்டி மூடியிருப்பான். நம் ஊரில் கிழிந்ததற்கும் தோல், ஓட்டைக்கும் தோல். இஞ்சினைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அந்தக் குல்லாவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். சாயபு கூடத் தன் தலையிலிருந்த குல்லாவைத் தடவிக்கொண்டு, "இன்னாபா, காருக்கும் குல்லாவா? ரொம்ப ஷோக்கா இருக்குதே!" என்று சிரித்தார்.

இஞ்சினை மாட்டிக் கிளப்பிய அன்றைக்கு அது உடனே பிடித்துக்கொண்டது. என்ன சத்தம்! குழியில் நின்றவர்கள் எல்லாம் கரையேறி வந்து பார்த்தார்கள். நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு, உங்கள் பெயரைச் சொல்லி, அவனுக்கு ஒரு மாலை போடச் சொல்லிக் கோவிந்தனை அதட்டினீர்கள். அவன் மாலை தேடிக்கொண்டு போய்த் திரும்புவதற்குள் காருக்கு அடியில் கறுப்பாக ஒரு குட்டை. பின்னால் நீலப் புகை. குழிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன், "எண்ணெக்கே இன்னொரு பம்பு வெக்கணும் போலக்குதே" என்றான். கோவிந்தன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் நீங்கள் வீட்டில் பேசியது கொஞ்சம். ஆனால் வேலையில் பதறவில்லை. அதை நான் இன்றைக்கும் நினைத்துப் பெருமைப்படுகிறேன். "சிந்தறது வேற, குடிக்கறது வேற. மொதல்ல சிந்தறதப் புடிப்போம், அது கண்ணுக்குத் தெரியும்" என்றீர்கள். இஞ்சினைத் துளி எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு, குழிக்கு வந்த சுண்ணாம்பை நீர்த்து, உலர்த்திச் சலித்து, பஞ்சில் தொட்டு எல்லா இடத்திலும் ஒற்றினீர்கள். இஞ்சின் பொங்கல் வீடு மாதிரி வெள்ளையாக நின்றது. இனி ஓட்டினால் எங்கே கறுப்புக் கோடு விழுகிறதோ அங்கே ஓட்டை. கீழே சொட்டுகிற இடம் வேறு, புறப்படுகிற இடம் வேறு, கார் போகிற வேகத்தில் முன்னால் கசிந்தது பின்னால் போய்ச் சொட்டும் என்று கோவிந்தனுக்கு விளக்கினீர்கள். உங்களைத் தின்ற சுண்ணாம்பையே வேலைக்கு வைத்தீர்களே என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஓட்டிப் பார்த்தால், ஒரு கோடு அல்ல. எல்லா இணைப்பிலும் கோடு. முன் மூடியில், பக்க மூடியில், கீழே எண்ணெய்த் தொட்டியைச் சுற்றி முழுக்க. போல்ட்டுகளை முடுக்கினீர்கள். தொட்டியின் விளிம்பு வளைந்துகொண்டு இன்னும் கசிந்தது. அதைத் தட்டி நேராக்கி மறுபடியும் பேக்கிங். நான் வெட்டி வெட்டி, வீட்டில் ஒரு மூலை முழுக்கத் தோல் துண்டு. ஒவ்வொரு தடவையும் கிளப்பின கொஞ்ச நேரம் சுத்தமாக இருக்கும், பிறகு கசியும்.

"எம் பேக்கிங்ல கோளாறா?" என்று கேட்டேன்.

"உங்கையில கோளாறு இல்லமே," என்றீர்கள். "ஒரு எடத்துல ஒழுகுனா பேக்கிங் தப்பு. எல்லா எடத்துலயும் ஒழுகுதுன்னா வேற இன்னாவோ தள்ளுது."

எது தள்ளுகிறது என்பதுதான் தெரியவில்லை. குடிக்கிற விஷயம் அதைவிடச் சிக்கல். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று நீங்களே சொன்னீர்கள். ஆனால் புது ரிங்கு பழகும்வரை கொஞ்சம் புகையும், அது தானாக நிற்கும் புகையா, நிற்காத புகையா? தோல் பேக்கிங் எங்காவது சூட்டில் கருகுகிறதா? முகர்ந்து பார்த்தால் தெரியும். ஆம்பூரில் யார் முகர்வது? பச்சைத் தோலும் சுண்ணாம்பும் பட்டைத் தண்ணீரும் பிறந்ததிலிருந்து ஏறிப்போன மூக்குகள். பக்கத்தில் வீடு எரிந்தாலும் கண்ணால் பார்த்துத்தான் ஓடி வருவார்கள். நீங்கள் புகைக்குழாய்க்குப் பின்னால் குனிந்து, மோந்து மோந்து பார்த்து, இருமிக்கொண்டு எழுந்தீர்கள்.

அப்போது என் ஞாபகம் வந்தது உங்களுக்கு. கல்யாணமான புதிதில் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்காமல் வளைய வந்தவள், கணியம்பாடி வயல்காட்டு மூக்கு. "கெளம்புமே. கார்ல போறோம்" என்றீர்கள். ஊருக்குள் வேண்டாம், பள்ளிகொண்டா தாண்டினால் காற்று சுத்தம், அங்கே போய் நான் முகர வேண்டும். சாயபுவிடம் எப்படிச் சொன்னீர்களோ தெரியாது. "மூக்கு ரிப்பேராபா?" என்று கேட்டுச் சிரித்தாராம்.

நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். நம் தெருவிலிருந்து காரில் ஏறின முதல் பெண்பிள்ளை நான்தான். குழாயடியில் குடங்கள் நிரம்பி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. கோவிந்தன் ஓட்ட, நீங்கள் முன்னால், நான் பின்னால் மகாராணி மாதிரி. பின்னால் புகை வந்துகொண்டிருந்தது, ஆனாலும் நான் தலையைக் குனியவில்லை.

பள்ளிகொண்டா தாண்டி, பாலாற்றுப் பக்கம் ஒரு தோப்போரமாக நிறுத்தினோம். நெல் வாசனை வந்தது. இஞ்சினை நிறுத்தாமல் பானெட்டைத் திறந்தீர்கள். புகைக்குழாயிடம் போனேன். கருகின எண்ணெய்தான், தோல் இல்லை. அதைச் சொல்ல முன்பக்கம் வந்தேன். அப்போதுதான் பார்த்தேன். ஷாப்பில் நிறுத்தி வைத்து நாலு சுற்று ஓட்டிப் பார்த்தபோது அது அப்படி இருக்கவில்லை. இவ்வளவு தூரம் ஓடி வந்த பிறகு, உங்கள் குல்லா எண்ணெய்ச் சட்டியில் போட்ட பூரி மாதிரி புடைத்துக்கொண்டு நின்றது. தையல் ஓரத்தில் எண்ணெய் பொடித்திருந்தது.

"ஏங்க, குல்லா ஏன் இப்பிடி உப்பிக்கினு நிக்குது?"

நீங்கள் பார்த்தீர்கள். பிறகு குனிந்து நாடாவை அவிழ்த்தீர்கள். புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. சூடாக, எண்ணெய் வாசனையோடு, இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது. பிறகு அந்தக் குழாய் மெல்ல மெல்லப் புகைவிட்டு மூச்சு விட ஆரம்பித்தது.

"அய்யோ," என்றீர்கள். "எண்ணெ ஊத்தற வாய்னு நெனச்சு மூடிட்டேன். அதேதான் மூக்கு!"

கோவிந்தனுக்கும் எனக்கும் அங்கேயே சொன்னீர்கள். பிஸ்டன் ஓரமாக எப்போதும் கொஞ்சம் காற்று கீழே இறங்கும். புது ரிங்கு பழகும்வரை இன்னும் ஜாஸ்தி. அது வெளியே போக வழி அந்தக் குழாய். வழியை அடைத்தால் உள்ளேயே அழுந்தும். அழுந்தினால் எண்ணெயை எந்தச் சந்து கிடைத்தாலும் வெளியே தள்ளும், அதுதான் சிந்துவது. மேலேயும் தள்ளும், அங்கே போய் எரியும், அதுதான் குடிப்பது. இரண்டும் வேறு வேறு நோய், ஆனால் இந்தத் தடவை கொடுத்தது ஒரே ஆள்.

அந்த ஆள் யார் என்று கேட்க எங்கள் இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. நீங்களே குல்லாவைத் தூக்கிப் பிடித்து, தோப்பில் மாடு மேய்த்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினீர்கள். "இந்தத் தப்ப வேற எவனாவது பண்ண முடியுமா? இன்னாராலதான் முடியும்! கண்டுபுடிச்சதும் அவன்தான்!"

"கண்டுபுடிச்சது நானு," என்றேன்.

"நீ பாத்தமே. கண்டுபுடிச்சது அவன்."

விட்டுக்கொடுத்தேன். உங்கள் முகத்தில் இருந்த வெளிச்சத்துக்கு அது தகும். வேறு யாராவது என்றால் அந்தக் குல்லாவை ஆற்றில் எறிந்துவிட்டு, பேக்கிங் மேல் பழி போட்டிருப்பார்கள். நீங்கள் அதை நெஞ்சில் மெடல் மாதிரி பிடித்துக்கொண்டு ஊருக்குள் வந்து, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கதையைச் சொன்னீர்கள். குழிக்காரர்களிடமும் நீங்களே போய்ச் சொன்னீர்கள். அவர்கள் சிரித்தார்கள், அவர்களைவிட நீங்கள் அதிகமாகச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே உங்களை இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது.

ஆனால் பட்டைத் தூள் பட்டைத் தூள்தானே. மூக்கைத் திறந்து வைத்தால் தூள் போகும். ஒரு தகர டப்பாவில் ஓட்டைகள் போட்டு, குழியில் கழித்த மாட்டு மயிரை நான் அலசி உலர்த்திக் கொடுக்க, அதை எண்ணெயில் நனைத்து லேசாக அடைத்துக் குழாயின் தலையில் வைத்தீர்கள். மூச்சு போனது, தூள் வரவில்லை. அந்த வேலை இன்றைக்கும் இந்த ஷெட்டின் வேலை. புழுதி ரோட்டில் ஓடுகிற வண்டிக்காரர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பின் பக்கத்து போல்ட்டு ஒன்றில் மட்டும் ஒரு பிடிவாதச் சொட்டு மிச்சம் இருந்தது. அதன் துளை உள்ளே எண்ணெய் வரைக்கும் போவதைக் கண்டுபிடித்து, அரக்கில் தோய்த்த நூலைச் சுற்றி முடுக்கினீர்கள். மறுபடியும் சுண்ணாம்பு ஒற்றி, வேலூர் வரை போய்விட்டு வந்தீர்கள். போன வெள்ளை அப்படியே திரும்பி வந்தது.

நிக்கா அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, துணியில் சுற்றிய ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு, கோவிந்தன் பக்கத்தில் ஏறினீர்கள். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு கார் திரும்பி வரும்வரை நான் பந்தலுக்கு வெளியே நின்றேன். பிரியாணி டேக்சா திறக்கிற வாசனை வந்தது, பசிக்கவே இல்லை. அந்தக் குழியும், உங்கள் முழங்காலும்தான் கண்ணுக்குள் நின்றன. கார் திருப்பத்தில் தெரிந்தபோது முதலில் பின்னால்தான் பார்த்தேன். புழுதி மட்டும். நீலம் இல்லை. பூச்சரத்துக்குப் பின்னால் மாப்பிள்ளை முகம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன் சீட்டு மாப்பிள்ளை போதும்.

சாயபு மறக்கவில்லை. கார் நின்றதும் ஒரு வெள்ளைத் துணியைக் கொண்டுவரச் சொல்லி, இஞ்சினுக்கு அடியில் விரிக்க வைத்தார். நிக்கா முடிந்தது, விருந்து முடிந்தது, கை கழுவின பெரிய மனுஷர்கள் எல்லாம் பீடா மென்றுகொண்டு வந்து சுற்றி நின்றார்கள். நீங்கள் ஒருவர்தான் துணியைப் பார்க்கவில்லை. சாயபுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவர் துணியை உருவச் சொன்னார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். ஒன்றும் இல்லை. வண்ணான் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது.

"ஷாபாஷ்," என்றார். "ஷெட்டு உனுக்குதாம்பா."

நீங்கள் அந்தத் துணியைக் கேட்டு வாங்கி, உதறி, தலையில் முண்டாசாகக் கட்டிக்கொண்டீர்கள். அப்படியே தெரு வழியாக நடந்தீர்கள். நான் பின்னால் நடந்து வந்தேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை, காரில் போன அன்றைக்குக் கூட.

ஷெட்டு வந்த பிறகு ஒரே ஒரு சண்டைதான் நமக்குள். போர்டு. எழுதி மாட்டலாம் என்றேன். "போர்டு எதுக்கு? வாசல்ல நீ இருக்கல்ல, கேக்கறவங்களுக்குச் சொல்லு" என்பீர்கள். கேட்கிறவர்களுக்கு, எங்க வூட்டுக்காரரு ஷெட்டு என்பேன். உள்ளேயிருந்து நீங்கள், "எந்த வூட்டுக்காரரு? பேரு இல்லயா அவனுக்கு?" என்று சீண்டுவீர்கள். நான் பழிப்புக் காட்டிவிட்டுப் போய்விடுவேன். ஒரு தடவை மட்டும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, விளையாட்டே இல்லாமல் கேட்டீர்கள். "ஒரே ஒரு வாட்டி சொல்லுமே. உன் வாயால எப்பிடி இருக்குதுன்னு கேக்கணும்." வெட்கமாகப் போய்விட்டது. ரசம் ஊற்றட்டுமா என்று கேட்டேன்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனது. முண்டாசுத் துணி உங்களோடு போனது. குல்லா என்னோடு இருக்கிறது. சாயபு கல்லறைவரை நடந்து வந்து மண் போட்டார். கோவிந்தன் கார் ஓட்டுவதை விட்டுவிட்டு ஷெட்டுக்கே வந்துவிட்டான். அண்ணன் கத்துக்குடுத்தது வீணாகக்கூடாது அண்ணி என்றான். பேக்கிங் நான்தான் வெட்டுகிறேன். வேலைக்குக் குறைவில்லை.

ஒரு குறைதான். புதிதாக வருகிறவர்கள் "சாயபு ஷெட்டு" என்கிறார்கள். இடம் அவருடையதாக இருந்ததால் அப்படிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். போர்டு இல்லை. சொல்ல நீங்களும் இல்லை. கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரிந்து என்ன செய்ய, பேசாமல் உள்ளே போய்விடுவேன்.

இன்றைக்கு வந்த பஸ்ஸில் மூக்கு அடைபடவில்லை. கோவிந்தன் குழாயின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு வுடல தம்பி, மூச்சு வாங்குது" என்றான். ரிங்கு தேய்ந்துபோய்க் காற்று மொத்தமும் கீழே இறங்குகிறது. பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்தப் பையன் கலங்கிப்போய் நின்றான். கோவிந்தன் அவனை உட்காரவைத்து, மேலே தொங்குகிற குல்லாவைக் காட்டி, முழுக் கதையையும் சொன்னான். பையன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். கடைசியில் சிரித்தான். வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகத் துணிந்துவிட்டான்.

முதலாளிக்குத் தகவல் சொல்லப் புறப்பட்டவன், வாசலில் நின்று என்னைக் கேட்டான். "யக்கா, எங்க வுட்டுட்டு வந்தன்னு மொதலாளி கேப்பாரு. ஆம்பூர்ல சாயபு ஷெட்டுல வுட்டுக்கீறேன்னு சொல்லிடட்டா?"

கோவிந்தன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"சாயபு ஷெட்டு இல்லப்பா," என்றேன். பிறகு சொன்னேன். எங்க வூட்டுக்காரரு என்று இல்லை, இன்னார் என்று இல்லை. உங்கள் பெயரை, முழுதாக, நீங்கள் சொல்வது போலவே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கூடத் திரும்பிப் பார்க்கும்படி சொன்னேன். கோவிந்தன் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

பையன் அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு ரயிலடிப் பக்கம் போனான். என் வாயால் அது எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே. நன்றாகத்தான் இருக்கிறது.